மல்லிகைப் பூவில் மூச்சு முட்டிய வேன்

போன வாரம் எரியோட்டிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. தபால் முத்திரையில் ஊர்ப்பெயர் தெளிவு, தேதி மங்கல். தேதி மங்கலாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது என்பது பத்திரிகையில் வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

"ஐயா, தங்களிடம் ரேடியேட்டரே இல்லாத வேன் இருப்பதாகக் கேள்வி. தண்ணீர் ஊற்றாமல் வண்டி ஓடுமா? பதில் தேவை."

ஓடும். இஞ்சினில் ஒரு விசிறி இருக்கிறது. வண்டியின் பின்பக்கம், இரண்டு பக்கத் தகடுகளிலும், வரிசையாகக் கீறல் போன்ற ஓட்டைகள். காற்று அதன் வழியே உள்ளே போய் இஞ்சினின் சூட்டைத் தணிக்கும். அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்று வரியை எங்கள் ஊருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே...

என் டைரிப்படி, வேனை வாங்கியது 1962, தை மாதம். கொடைக்கானலில் செடிகொடிகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், தாய்நாடு திரும்பும்போது விட்டுப் போனது. வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் நின்றது. உள்ளே மடக்குக் கட்டில், குட்டி அலமாரி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஒரு குடும்பமே படுத்து எழுந்து ஊர் சுற்றலாம்! கட்டிலில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. யோசித்து வாங்கினேன் என்று சொன்னால் பொய். பார்த்தேன், வாங்கினேன். மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தோம்.

லாரி மெக்கானிக் செல்வராசு முன் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சார், இஞ்சினைக் கழட்டி வித்துப்புட்டாய்ங்க."

"பின்னால இருக்கு, செல்வராசு."

பின்னால் போனார். மூடியைத் திறந்து குனிந்தார்.

"இருக்கு சார். ஆனா ரேடியேட்டரை வித்துப்புட்டாய்ங்க."

ஏழு மாதம் வேலை. கார்புரேட்டரில் குளவிக்கூடு. துருப்பிடித்த தரையை வெட்டியெடுத்து லாரித் தகட்டை வைத்து வெல்டிங். விசிறி பெல்ட் எங்குமே கிடைக்காமல், பம்புசெட் கடையில் ஒவ்வொன்றாக அளந்து ஒன்றைப் பிடித்தார். ஆவணியில் வண்டி உறுமியது. அதே ஆவணியில் என் தங்கை சரசுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஆயக்குடி. முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை.

பெண்ணை என் வேனில்தான் அழைத்துப் போவது என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"ஏலே, தண்ணி குடிக்காத வண்டியை நம்பிப் பொண்ணை ஏத்துறியே," என்றார் பெரியப்பா. "முகூர்த்தம் தப்புச்சுன்னா அந்த வேனுக்கே தாலியக் கட்டிவிட்ருவேன், பாத்துக்க!"

விடிகாலையில் வேனைப் பார்த்து அசந்துபோனேன். அலங்காரம் என் மனைவியின் தம்பி முருகேசன் பொறுப்பு; திண்டுக்கல்லில் பூக்கடை வைத்திருப்பவன். வேன் தெரியவில்லை, பூதான் தெரிந்தது. மல்லிகை, கனகாம்பரம், கோழிக்கொண்டை... நகரும் பூப்பல்லக்கு! எனக்குக் கண் கலங்கியது. அந்த ஆனந்தத்தில் வண்டியைச் சுற்றிவந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் ஒரு வாசனை. மல்லிகையை வாணலியில் போட்டு வறுத்தால் வருமே, அந்த வாசனை. அப்புறம் புகை. பிறகு வண்டி நின்றது. மணி எட்டு ஐந்து.

பெரியப்பா இறங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு விவசாயி, நல்ல மனுஷர், குடம் நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ஏனுங்க, ரேடியேட்டர் எங்கீங்க இருக்குது?"

"இல்லீங்க."

"அடடா... களவு போயிருச்சுங்களா?"

எங்களோடு வந்திருந்த செல்வராசு பின்பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். பக்கத் தகட்டு ஓட்டைக்குள் விரலை விட்டார். முழம் முழமாகப் பூ வந்தது. இழுக்க இழுக்க வந்தது.

"யாருய்யா இதுக்குள்ள அம்புட்டுப் பூவையும் திணிச்சது?"

முருகேசன் முன்னால் வந்தான். "நான்தேன். கல்யாண வண்டியில ஓட்டை ஓட்டையா அசிங்கமா இருந்துச்சு மச்சான். ஒண்ணு விடாம அடைச்சேன். அதுக்கே ரெண்டு மணி நேரம் ஆச்சு!"

சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை. கீறல்களைப் பற்றி நான் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பிரசங்கம் செய்தவன். வண்டிக்குப் பூ வைக்கப் போகிறவனிடம் மட்டும் சொல்லவில்லை.

தண்ணீரை ஊற்ற வழியில்லை. சூடு தானாகத் தணிய வேண்டும். அத்தைமார் இருவர், மாப்பிள்ளைச் சீரில் இருந்த விசிறிகளை எடுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மாமியார் வீட்டு உபசாரம் மாப்பிள்ளைக்கு முன்னால் இஞ்சினுக்குக் கிடைத்தது. நானும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சரசுவிடம் கொடுத்துவிட்டு, மூன்றாவது விசிறியை எடுத்தேன். மடக்குக் கட்டிலில் பட்டுப்புடவை கசங்காமல் உட்கார்ந்திருந்த அவள், விவசாயியின் குடத்திலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"அண்ணே, வண்டிக்குத்தேன் தண்ணி வேணாம். எனக்கு வேணும்."

வண்டி மறுபடி கிளம்பி ஆயக்குடி சேர்ந்தபோது பந்தலில் பாதிப்பேர் வாசலில் நின்றார்கள். ஐயர் இரண்டு மந்திரத்துக்கு ஒரு மந்திரமாக ஓட்டினார். கெட்டிமேளம்!

அப்புறம்தான் சண்டை ஆரம்பம். பெரியப்பாவின் கடிகாரத்தில் பத்து முப்பத்து நாலு, முகூர்த்தம் தாண்டியாச்சு. மாப்பிள்ளையின் மாமா கடிகாரத்தில் பத்து இருபத்தேழு. "உங்க கடியாரம் வேகமுங்க." "உங்களது சோம்பேறி." இருவரும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

ரேடியோவோடு ஒத்துப்பார்த்துச் சாவி கொடுக்கும் கடிகாரம் அந்தப் பந்தலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என்னுடையது. அது மணப்பெண்ணின் கையில் இருந்தது. போன தீபாவளிக்கு வந்திருந்த சரசுவிடம் கேட்டேன்.

"தாலி ஏறுறப்ப மணி பார்த்தியா?"

"பாத்தேன்ணே."

"எத்தனை?"

அவள் தன் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள். உள்ளே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள். சிரித்தாள்.

"சொல்ல மாட்டேன்."

என் டைரியில் அந்தப் பக்கத்தில் 'திருமாங்கல்ய தாரணம்: மணி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே சிவப்பு மையில்: சரிபார்க்கப்படவில்லை.