டார்ச் அக்கா பார்க்காத முடிவு

“கொஞ்சம் நில்லுங்க. சொல்லிட்டுப் போங்க, படம் எப்படி?”

தியேட்டரின் பக்கக் கதவுக்கு வெளியே, ஒரு காலை வாசற்படியிலும் ஒரு காலை நடைபாதையிலும் ஊன்றிக்கொண்டு டார்ச் அக்கா இப்படித்தான் ஆளை மடக்குவார். வெயிலுக்குக் கண் கூசி, மனைவி எங்கே, வண்டிச் சாவி எங்கே என்று தடவுகிற நேரத்தில் கேட்டால் மனுஷன் பொய் சொல்ல மாட்டானாம். அது அக்காவின் கண்டுபிடிப்பு. “வீடு போய்ச் சேர்ந்துட்டா எல்லாரும் புத்திசாலி ஆயிடுவாங்க. கதவுகிட்டயே கேட்டுடணும்.”

டிக்கெட்டைக் கிழிப்பது, இருட்டில் சீட்டைக் காட்டுவது, படம் முடிந்ததும் பக்கக் கதவைத் திறப்பது. அக்காவின் உத்தியோகம் இவ்வளவுதான். ஆனால் அதைச் செய்கிற அழகு இருக்கிறதே! ஏதோ சொந்த வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி, “வாங்க, வாங்க, இங்க ஒரு படி இருக்கு, குழந்தையைப் பிடிச்சுக்குங்க” என்று டார்ச்சைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு முன்னால் நடப்பார். வெளிச்சம் யார் முகத்திலும் படாது. கடைசி வரிசையில் ஜோடி யாராவது உட்கார்ந்திருந்தால், பாதி வழியிலேயே ஒரு இருமல் இருமி, தான் வருவதைச் சொல்லிவிட்டுத்தான் வருவார். என்னைப் போன்ற வாலுகளுக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. நேராகக் கண்ணிலேயே அடிப்பார். கேன்டீன்காரி பெற்ற பெண் என்பதால் எனக்கு டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாதவர்களுக்கு மானமும் கிடையாது என்பது அவர் கட்சி.

இத்தனை வருஷத்தில் அக்கா ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. தாமதமாக வருகிறவர்களுக்கு வழி காட்டுவதில் தொடக்கம் போய்விடும். கதவைத் திறந்து வெளியே வந்து ஆளை மடக்குவதில் முடிவு போய்விடும். நடுவில் கழிவறைக் குழாய் ஒழுகும். அவர் பார்த்த துண்டுகளை எல்லாம் ஒட்டினால்கூட ஒரு முழுப் படம் தேறாது. அதனால்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஓவியர் படம் வந்தபோதுதான் கேள்வியின் சுருதி மாறியது.

ஒரு ஓவியனின் வாழ்க்கைக் கதை. வரைகிறான், கிழிக்கிறான், கத்துகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். நானும் போய் உட்கார்ந்தேன், நன்றாகத் தூங்கினேன். அக்கா மட்டும் தினமும் கதவருகே, “எப்படி?” என்பதோடு இன்னொன்றும் கேட்க ஆரம்பித்தார். “கடைசியில அவனுக்கு என்ன ஆகுது?”

காரணம், அக்காவுக்கு ஒரு தம்பி. அவரும் வரைகிறவர். நடுவில் மனசு சரியில்லாமல் போய், ஆஸ்பத்திரியில் கிடந்து, திரும்பி வந்து, படங்களை எல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு அறைக்குள்ளேயே இருக்கிறார். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், வெளியே வரும். பேச்சு வராது. அக்கா ஒருநாள் இந்தப் படத்தின் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் விரித்திருக்கிறார். தம்பி வெகுநேரம் பார்த்துவிட்டு, “வர்ணத் தட்டைப் பிடிச்சிருக்கிற லட்சணத்தைப் பாரு. இப்படிப் பிடிச்சா கை மரத்துப் போயிடும்” என்றாராம். அப்புறம், “எதுவரைக்கும் ஓடும்?” என்றும் கேட்டாராம்.

“எத்தனை மாசம் கழிச்சு ஒரு கேள்வி கேட்டிருக்கான் தெரியுமா?” என்று அக்கா என் அம்மாவிடம் சொன்னபோது, அம்மா எண்ணெயில் வடிகரண்டியை அப்படியே விட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப கூட்டிட்டு வந்துடுங்கக்கா.”

“வரேன்னுட்டான். ஆனா முடிவு தெரியாம எப்படிக் கூட்டிட்டு வர்றது? அவன் மாதிரியே ஒருத்தன் கடைசியில செத்துக்கிடந்தா? அதைப் பாக்கவா வீட்டைவிட்டு வெளிய கொண்டாந்தேன்?”

ஆக, அக்காவுக்குத் தேவை விமர்சனம் இல்லை, துப்பு. மக்களோ விமர்சனத்தை அள்ளி வீசினார்கள். டை கட்டிய ஒருவர் இரண்டாம் பாதியில் தொய்வு என்றார். ஒரு அம்மாள், “அவனை விடுங்க, அவனைக் கட்டிக்கிட்டவ பாவம்” என்று மூக்கைச் சிந்தினார். வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிற கோஷ்டி ஒன்று மொத்தமாக வந்து பார்த்துவிட்டு, “ஒரு சுவரைக்கூட முழுசா முடிக்கலையே, இவனெல்லாம் என்ன பெயிண்டர்” என்று கோபத்தோடு போனது. நான் என் பங்குக்கு, “யானை வர்ற சீன் பிரமாதம் அக்கா” என்று சொல்லி வைத்தேன். அக்கா அதையும் நம்பி அடுத்தவரிடம், “யானை நல்லா இருந்துச்சாமே?” என்று கேட்க, அந்த மனிதர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, “அதுதான் படத்துலயே நல்லா நடிச்சிருக்கு” என்றார். நாட்டில் தூங்கியது நான் மட்டும் இல்லை.

ஆனால் முடிவைப் பற்றி மட்டும் எல்லாரும் ஒரே வாக்கு. “ஆத்துல இறங்கிடறான். அவ்வளவுதான், ஆள் காலி.”

நாளாக நாளாக அக்கா கேட்கிற குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. படமும் இளைத்து ஒரே ஒரு மதியக் காட்சிக்கு வந்துவிட்டது. முதலாளி, “நாளையோட இதைத் தூக்கறோம். காலி நாற்காலிக்கு எவ்வளவு நாள் கதை சொல்றது?” என்றுவிட்டார். அக்கா தம்பியிடம் படம் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு கட்டியிருப்பார் போல.

அன்றைக்குத்தான் செருப்பு தொலைந்தது.

இருட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓய்வாகப் படம் பார்க்கிறவர்கள் உண்டு. அந்தச் செருப்பில் ஒன்று சில சமயம் தானாகவே முன்வரிசைக்குப் பயணம் போய்விடும். எப்படிப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் வெளியே போய், அக்காவும் அடுத்த படத்துக்கு முன்வாசலுக்கு ஓடத் தயாரானபோது, தாட்டியான ஒரு மனிதர் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்தார். கண் இரண்டும் கலங்கியிருந்தது. வாயோ சிரித்துக்கொண்டிருந்தது.

“என்னங்க ஆச்சு?”

“செருப்பைத் தேடிக் குனிஞ்சுக்கிட்டே இருந்தேன்மா. நிமிர்ந்து பாத்தா படம் ஓடுது! எவன் தள்ளிவிட்டானோ, அவன் நல்லா இருக்கணும்.”

இந்த ஆசீர்வாதம் யாருக்குச் சேரும் என்பதை விட்டுவிடுவோம்.

“என்ன ஓடுது?”

“பொழைச்சுட்டான்ல! யாரோ இழுத்துப் போட்டிருக்காங்க. கிழவனாயிட்டான், ஒரு அறையில உக்காந்து வரையுறான். சத்தமே இல்லாம, சும்மா வரைஞ்சுக்கிட்டே இருக்கான்.”

“எல்லாரும் செத்துட்டான்னாங்களே?”

“திரை இருட்டாச்சு, கதவு திறந்துச்சு, எல்லாரும் எழுந்தாங்க. இருட்டு கொஞ்சம் நீளம்மா. யாரு உக்காந்து பாத்தா?”

அக்கா கதவைப் பார்த்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார். திரை இருண்டதும் தாழ்ப்பாளை இழுக்கிற கை. எல்லாப் படத்துக்கும் அப்படித்தான், அதற்கென்று யோசித்ததே இல்லை. ஆபரேட்டர் மேலே போனில் மூழ்கிக் கிடப்பான். முதலாளிக்குப் படம் என்றால் காலி நாற்காலிதான். முடிவு என்று ஒன்று இருக்கிறதா என்று யார் எட்டிப் பார்த்தது?

“நிஜமா பொழைக்கிறானா? உங்க கண்ணால பாத்தீங்களா?”

“என் இன்னொரு செருப்பு மேல சத்தியம்.”

சரிபார்க்க வழியில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு காட்சி. ஊரே செத்தான் என்கிறது, ஒற்றைச் செருப்புக்காரர் ஒருவர் பிழைத்தான் என்கிறார். அக்கா அவரை நம்பினார்.

மறுநாள் தம்பி வந்தார். சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். சுவரை ஒட்டி ஒட்டியே நடந்தார். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அக்கா அவருக்கு டார்ச் அடித்து, “இங்க ஒரு படி இருக்கு” என்றார். பக்கக் கதவை ஒட்டிய ஓரச் சீட். அம்மா கொடுத்தனுப்பிய பாப்கார்னில் நான் எந்த வேலையும் காட்டாமல், கொடுத்தது கொடுத்தபடி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. படத்தில் அவன் கத்தியபோதெல்லாம் தம்பியின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது.

ஆறு வந்தது. அவன் இறங்கினான். திரை இருண்டது.

கூட்டம் பழக்கப்படி எழுந்து கதவைப் பார்த்தது. கதவு திறக்கவில்லை.

“ஏம்மா, தூங்கிட்டீங்களா? கதவைத் திறங்க!”

“காத்து வரட்டும்மா, நாங்க என்ன பலியாடா?”

யாரோ விசில் அடித்தார்கள். யாரோ போனில் வெளிச்சம் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன், எல்லாருக்கும் முன்னால் தம்பி எழுந்து, தாழ்ப்பாளுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா குறுக்கே வந்து நின்றார்.

“உக்காருடா.”

“முடிஞ்சிருச்சுக்கா. செத்துட்டான்.”

“யார் சொன்னது?”

“கண்ணால பாத்தேனே.”

“எல்லாரும்தான் பாத்தாங்க. உக்காருன்னா உக்காரு.”

உட்கார்ந்தார். அக்கா அவர் தோளில் கையை வைத்து அழுத்திக்கொண்டு நடைவழியில் நின்றார். இருட்டு போய்க்கொண்டே இருந்தது. அந்த ஒற்றைச் செருப்புக்காரர் புளுகியிருந்தால்? நானே சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன். அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்புறம், ஒரு மூலையில் சாம்பல் நிறமாக ஒரு வெளுப்பு. ஒரு சுவர். ஒரு கிழட்டுக் கை, கரித்துண்டால் மெல்ல ஒரு கோடு. பக்கத்தில் இன்னொரு கோடு.

“ஷ், உக்காருங்கய்யா, மறைக்குது” என்றது, இவ்வளவு நேரம் விசில் அடித்த அதே குரல்.

தம்பி முன்சீட்டின் முதுகில் முழங்கையை ஊன்றி, கழுத்தை நீட்டி, அந்தக் கை கரித்துண்டைப் பிடித்திருக்கும் விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி இழுத்தாலும் எழுந்திருக்க மாட்டார். அக்கா அப்போதும் திரைப் பக்கம் திரும்பவில்லை. தம்பி முன்னால் சாயச் சாய, தோளில் இருந்த கையும் கூடவே போய் அழுத்திக்கொண்டே இருந்தது.