அண்ணாவுக்குச் சாமி வந்த நாள்

எங்கள் அண்ணா வீட்டை விட்டு வெளியே போகாத பிள்ளை. அம்மாவுக்கு அதில் அப்படியொரு பெருமை. அண்ணாவின் வயதுப் பெடியள் சந்தியில் கூடி நின்று மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. வாள்வெட்டுச் செய்தி இல்லாமல் பேப்பர் வருவது குறைவு. பக்கத்து வீட்டு மாமியிடம் அம்மா சொல்வார்:

"என்ரை பிள்ளை ரோட்டிலை நிக்கமாட்டான். பள்ளிக்கூடத்தாலை வந்தால் அறைக்குள்ளை போனவன்தான். சாப்பாட்டுக்குத்தான் தலைக்கறுப்பைக் காணலாம்."

"நீங்கள் செய்த புண்ணியம். என்ரை வீட்டிலையும் ஒண்டு இருக்கே, கட்டாக்காலி மாதிரித் திரியுது" என்பார் மாமி. அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அறைக்குள் அண்ணாவுக்குத் துணை, கனடாவிலிருந்து பெரியப்பா அனுப்பிய லப்டொப். கதவும் யன்னலும் எப்போதும் சாத்தியே இருக்கும். நான் தேத்தண்ணி கொண்டுபோனால், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார். சில நாட்களில் தேத்தண்ணியோடு இரண்டு மூன்று குளிசைகளும் விழுங்குவார். ஒருநாள் அம்மா கண்டுவிட்டுக் கேட்டார்.

"தலையிடிக்கு" என்றார் அண்ணா.

"பின்னை, நெடுக உந்த லப்டொப்பைப் பாத்துக்கொண்டிருந்தால் தலையிடிக்காதே?" என்று சொல்லிவிட்டு அம்மா வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கூடப் படித்த பெடியன் ஒருவன்தான் பின்மதிலால் அந்தக் குளிசைகளைக் கொடுத்துவிட்டுப் போவான். ரோட்டில் நிற்காத பிள்ளைக்கு, ரோட்டில் விற்கிற சாமான் வீடு தேடி வந்தது.

அந்த வருசம் அண்ணா மெலிந்துபோனார். சாப்பாடு இறங்கவில்லை. ஒருத்தரோடும் கதையில்லை. சில நேரம் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்து அழுவார். நாவூறு என்றார் அம்மா. சோதனைப் பயம் என்றார் அப்பா. அம்மாவின் தம்பியான மாமா, "கந்தசட்டி விரதம் பிடிக்கச் சொல்லுங்கோ அக்கா, எல்லாம் பறக்கும்" என்றார்.

விரதம் முடியும்வரை ஊர் முருகன் கோயில் மடத்தில் அம்மாவோடும் என்னோடும் தங்குவதென்று முடிவானது. லப்டொப் வீட்டில். மதிலால் வருகிற பெடியனும் அங்கே இல்லை. அண்ணா மறுக்கவில்லை. முருகன் எப்படியாவது தன்னை மீட்டுவிடுவார் என்று நம்பித்தான் வந்தார் போலும்.

மூன்றாம் நாளே அவருக்கு வியர்க்கத் தொடங்கியது. விரதம் உடம்பில் பிடிக்கிறது என்றார் அம்மா. சூரன்போர் அன்று மேளம் முழங்க, சூரன் தலையை ஆட்டி ஆட்டி வர, வீதியில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. முதலில் அண்ணாவின் கைதான் நடுங்கியது. பிறகு தோள், பிறகு உடம்பு முழுக்க. பற்கள் ஒன்றோடொன்று அடித்தன. யாரோ "அரோகரா" என்று குரல் கொடுக்க, சனம் விலகி வட்டமாய் நின்று கும்பிட்டது.

மாமா கற்பூரத் தட்டோடு முன்னால் போனார். "அப்பனே, நாங்கள் என்ன குறை விட்டனாங்கள்? சொல்லும்."

அண்ணா மாமாவின் கையை இறுக்கிப் பிடித்தார். "என்னை அறைக்குள்ளை விடாதேங்கோ. என்னாலை ஏலாது. பயமாக் கிடக்கு."

"கேட்டியளே அக்கா" என்று மாமா திரும்பினார். "அந்த அறையிலை ஏதோ துடக்குப் பட்டிருக்கு."

அம்மா தன் பிள்ளையின் காலில் விழுந்தார். பத்து வயதுக்காரி நானும் விழுந்தேன். புலமைப்பரிசில் சோதனையில் பாஸ் பண்ணவேண்டும் என்று அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கால் சில்லென்று குளிர்ந்திருந்தது. அண்ணா குனிந்து என்னைப் பார்த்து, "தண்ணி" என்றார். யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தீட்டுப் போக அறையைக் கழுவினோம். வாசலில் தேசிக்காய் வெட்டி, சுவரில் முருகன் படம் மாட்டினோம். பொழுது போகட்டும் என்று அப்பா லப்டொப்பை மேசையில் திரும்ப வைத்தார். மாமாதான் அண்ணாவைத் தோளில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே விட்டார். "சாமி வந்த உடம்பு. ஒருத்தரும் குழப்பாதேங்கோ" என்று கதவைச் சாத்தினார்.

தை மாதம் அந்த அறையிலிருந்து அண்ணாவைத் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். பின்மதிலால் திரும்பவும் வந்து சேர்ந்த குளிசைகள் முழுவதையும் விழுங்கியிருந்தார். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் உயிர் மட்டும் மிஞ்சியது. டொக்டர் அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, குளிசைப் பழக்கத்தையும், அது திடீரென்று நின்றால் உடம்பு எப்படி நடுங்கும் என்பதையும் ஆறுதலாக எடுத்துச் சொன்னார். கோயிலில் நடந்தது அதுதான் என்பதை அம்மா நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. அண்ணாவுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. சேட்டுப் பொத்தானை அம்மாதான் பூட்டிவிடவேண்டும்.

நான் இன்னும் கந்தசட்டி பிடிக்கிறேன். முருகனில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அண்ணா சொன்னது அவருக்கு விளங்கியிருக்கும். விளங்காதவர்கள் நாங்கள்தான். சாமி வருகிற அண்ணாவின் தங்கச்சி என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். சூரனை வென்ற முருகன், பயமாக் கிடக்கு என்று எதற்குச் சொல்லப்போகிறார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.