அக்கா கட்டிக்காட்டிய கொசுவம்

சேலத்தில் ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை வந்தால் வண்டி வேடிக்கை நடக்கும். தெருவுக்கு ஒரு மாட்டு வண்டியை ஜோடித்து, சாமி வேஷம் கட்டியவர்களை அதில் நிறுத்திக் கோயிலைச் சுற்றி வருவார்கள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, எங்கள் நெசவாளர் தெருவின் லட்சுமி வேஷம் எனக்கு வந்தது. எனக்குப் பதினெட்டு வயது. மீசை சரியாக முளைக்காததுதான் என் தகுதி.

எந்த லட்சுமி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்போது பாதி வீடுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய அச்சுப்படத்து லட்சுமிதான். சிவப்புப் புடவையில், நான்கு கைகளோடு, குளத்துத் தாமரைமேல் நிற்பாள். அசல் ஓவியம் எங்கேயோ ஓர் அரண்மனையில் இருக்கிறதாம். எங்களுக்குத் தெரிந்தது அச்சுதான். "படத்துல இருக்கிற மாதிரியே இருக்கோணும்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

வேஷத்தைச் செய்தவள் என் அக்கா. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். இருபத்திரண்டு வயதில் வெள்ளைப் புடவை. தறிக்கு நூல் சுற்றுவாள், சமைப்பாள். வேறு எதற்கும் அவளை முன்னால் விடமாட்டார்கள். வேஷ வேலை வந்ததும் அவளுக்கு வாய் திறந்துவிட்டது. பழந்துணியில் வைக்கோல் திணித்து இரண்டு கைகள் தைத்தாள். அட்டை வெட்டி, புளியங்கொட்டைப் பசையில் மினுங்கும் காக்காப்பொன் தூள் ஒட்டிக் கிரீடம் செய்தாள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "வளையல் எத்தனைன்னு நீயும் ஒருக்கா எண்ணு தம்பி" என்பாள்.

புடவைக்கு அம்மா தன் கூரைப் புடவையையே எடுத்துக் கொடுத்தாள். அதைக் கட்டுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. எங்கள் பெண்கள் பின்கொசுவம் வைத்துக் கட்டுகிறவர்கள். படத்திலோ கொசுவம் முன்னால் விழுந்து பாதம்வரை விரிந்திருந்தது. என்மேல் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டியதுபோல வந்தது.

"நீ கட்டிக்கிட்டு நில்லுக்கா. தள்ளி நின்னு பார்த்தாத்தான் எனக்குப் பிடிபடும்."

"நானா? ஆராச்சும் பார்த்தா என்னாகும்?"

மூன்று நாள் நச்சரித்தேன். அம்மா சந்தைக்குப் போன ஒரு மத்தியானம் ஒத்துக்கொண்டாள்.

அவள் விரல்களுக்கு இரண்டே முறையில் அந்தக் கொசுவம் வந்துவிட்டது. கிரீடத்தை நான்தான் எடுத்து வைத்தேன். காகிதத் தாமரைகளைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நீட்டியபோது, "அது வேண்டாம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "படத்துல சிரிக்கிறாளா?" என்று கேட்டாள்.

"லேசாச் சிரிக்கிறா."

அவளும் லேசாகச் சிரித்தாள். நான் கீழே உட்கார்ந்து மடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது கதவு திறந்தது. மழை பிடித்துக்கொண்டதால் அம்மா பாதி வழியில் திரும்பியிருந்தாள்.

கூடையைப் போட்டுவிட்டு வந்து அக்காவைக் கன்னத்தில் அறைந்தாள். கிரீடம் உருண்டது. "உங்கப்பன் உசுரோட இருக்கிறாரேடி! என் கூரைப் புடவையையா கட்டுனே?" அம்மாவின் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. "ஆரு சொல்லிக் கட்டுனே?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, உதிர்ந்த காக்காப்பொன்னைப் பொறுக்கினேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அது நிச்சயம்.

"நானாத்தானுங்கம்மா கட்டுனேன். ஆசையா இருந்துச்சு" என்றாள்.

என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, உண்மையாகவே ஆசைப்பட்டாளா? அதை நான் அவளிடம் கேட்டதே இல்லை.

அம்மா புடவையை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தாள். பண்டிகை முடியும்வரை அக்கா வீட்டில் இருக்க வேண்டாம் என்று பனமரத்துப்பட்டியில் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமா வீட்டில் வேலைக்கு ஆள் இல்லை. பண்டிகை முடிந்தும் யாரும் அவளைக் கூட்டிவரப் போகவில்லை. நானும் போகவில்லை.

வண்டி வேடிக்கையன்று அவள் காட்டிய மாதிரியே கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு தாமரைமேல் நின்றேன். முகத்தில் அரிதாரம் இறுகியிருந்தது. படமே இறங்கி வந்துவிட்டது என்றார்கள். கோயில் முனையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா கற்பூரத் தட்டோடு வந்தாள். பெற்ற மகன் என்பதை மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள், கண்ணில் நீர். 'நான்தானம்மா கட்டச் சொன்னேன்' என்று குனிந்து சொல்லியிருக்கலாம். வேஷம் கட்டியவன் பேசக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வண்டி நகர்ந்துவிட்டது.

அதன்பின் அம்மா பதினோரு வருஷம் இருந்தாள். அக்காவின் பேச்சு வந்தால், "புத்தி அப்படிப் போயிருச்சே" என்பாள். நான் எழுந்து தறிப்பக்கம் போய்விடுவேன்.

அம்மாவின் காரியம் முடிந்த மாதம் பனமரத்துப்பட்டிக்குப் போனேன். அக்காவுக்கு முன்நெற்றி முடி நரைத்திருந்தது. மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு வாய் திறக்காதது தப்பு என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அம்மா இருக்கையில சொல்லியிருக்கலாமே தம்பி" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எனக்குச் சோறு போட எழுந்து போனாள்.