சாக்கின் எடை

என் கட்சிக்காரர், தாமல் ஊர்க்காரர் ஒருவருக்குப் பத்து வருஷம் ஜெயில் விழுந்த அன்று, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். கஞ்சா கேஸ். இரண்டு மூட்டைகளின் எடை இருபது கிலோ அறுநூறு கிராம். இருபதைத் தாண்டிவிட்டால் பத்து வருஷத்துக்கு ஒரு நாள்கூடக் குறைக்க நீதிபதிக்கே அதிகாரம் கிடையாது. "என் கையில் ஒன்றுமில்லை" என்றார் அவர். என் கையிலும் இல்லை என்றுதான் நம்பினேன். மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்ட தாமல்காரரின் அப்பாவிடம், வீண் அலைச்சல் வேண்டாம் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்பினேன்.

மூன்று வருஷம் கழித்து அதே மாதிரி இன்னொரு கேஸ் வந்தது. கட்சிக்காரர் பெரிய காஞ்சிபுரத்தில் லோடு ஆட்டோ ஓட்டுபவர். யாரோ ஏற்றிவிட்ட இரண்டு சாக்கு மூட்டைகளை என்ன ஏது என்று கேட்காமல் கொண்டுவந்து மாட்டிக்கொண்டார். கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை என்று என்னிடம் ஒத்துக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அன்று நல்ல மழை வேறு. மூட்டை இரண்டும் சேர்ந்து இருபது கிலோ நானூறு கிராம்.

அவருக்கு இருந்தது ஒரே அக்கா. தறி நெய்து, தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்தவர். தம்பி தங்கமான பிள்ளை என்று நாற்பது வீட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்பி ஏமாறப் போகிறாரே என்கிற ஆற்றாமைதான். ஆனால் என் ஆற்றாமை எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். நேரே அந்த அக்கா வீட்டுக்கே போய் எரிந்து விழுந்தேன். நாற்பது வீடு என்ன, காஞ்சிபுரமே கையெழுத்துப் போட்டாலும் பத்து வருஷம் பத்து வருஷம்தான், எல்லாம் அந்த நானூறு கிராமில் இருக்கிறது என்று கத்தினேன்.

அப்போதுதான் தறியிலிருந்து அறுத்த புடவையை முதலாளியிடம் கொடுக்க ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"சாக்கக் கழிச்சிட்டு நானூறாம்மா? கழிக்காமயா?"

எனக்குப் புரியவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் நிதானமாகச் சொன்னார். முதலாளி பட்டு நூலை எடை போட்டுத்தான் கொடுப்பார். நெய்த புடவையையும் எடை போட்டுத்தான் வாங்குவார். சுற்றின துணியைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் தராசில் வைப்பார். மழை நாளாக இருந்தால் பட்டு ஈரம் இழுத்துக் கனக்கும் என்று காயவைத்துக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புவார்.

"பத்து கிராமுக்கு எங்க மொதலாளி என்னை நிக்க வெச்சுக் கேள்வி கேக்குறாரு. பத்து வருசத்துக்கு யாருமே கேக்கலியாம்மா?"

கேட்க வேண்டிய 'யாரும்' நான்தான். அது அவருக்கும் தெரிந்திருக்கும். குத்திக்காட்டாமல் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

விசாரணை நாளில், வெளியூரில் இருந்த கோர்ட்டில், மூட்டைகளைப் பிடித்த அதிகாரியிடம் கேட்டேன். சாக்கோடுதான் நிறுத்தோம் என்றார். வெறும் சாக்கைத் தனியாக நிறுத்தீர்களா? இல்லை. நனைந்திருந்ததா? ஆமாம். அவர் பொய் சொல்லவில்லை, பாவம். அவரையும் அதுவரை யாரும் கேட்டதில்லை. இருபது கிலோவைத் தாண்டியது சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்றது தீர்ப்பு. குறைந்தபட்சம் இவ்வளவு என்ற கட்டு அவிழ்ந்ததும், நீதிபதி அந்த நாற்பது கையெழுத்தையும் வாங்கிப் பொறுமையாகப் படித்தார். நாலு வருஷம் என்றார்.

வெளியே வந்து அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாலு வருசம்னா நான் உசிரோட இருப்பேம்மா" என்றார். நான் அழுதுவிட்டேன். கோர்ட் வாசலில் வக்கீல் அழலாமா என்றெல்லாம் தோன்றவில்லை.

காஞ்சிபுரம் திரும்பியதும் ஆபீசுக்குப் போய் தாமல்காரரின் பழைய கேஸ் கட்டைத் தேடி எடுத்தேன். மூட்டைகளைக் கைப்பற்றியபோது எழுதின மகஜரில், என் பென்சில் கோட்டுக்கு மேலேயே இருந்தது: 'சாக்குப் பைகள் இரண்டுடன் சேர்த்து.' அந்த வரியைப் படித்து, கோடும் போட்டுவிட்டு, தாண்டிப் போயிருக்கிறேன்.

மேல்முறையீட்டுக்கான கெடு எப்போதோ முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி முதலில் ஒரு மனு போட வேண்டும். அதில் காரணம் எழுத வேண்டும். வறுமை, உடல்நலக்குறைவு, அறியாமை என்று நாங்கள் வழக்கமாக எழுதுகிற வரிகள் உண்டு. எல்லாப் பழியும் கட்சிக்காரர் தலையில் போய் விடியும். குமாஸ்தாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நானே உட்கார்ந்து டைப் அடித்தேன்.

'சாக்கைக் கழித்தார்களா என்று மனுதாரரின் வக்கீல் கேட்கவில்லை. மேல்முறையீடு வேண்டாம் என்று சொன்னதும் அவரே.'

கீழே கையெழுத்துப் போட்டேன்.