மவுண்ட் ஆல்பர்ட் ஆமணக்கு

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி சாந்தினி. பிறந்து ஐந்து நாளான மகள். முப்பத்தோராம் நாளில்தான் பெயர் வைப்பதென்று இருந்தோம். இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஈரோட்டு மீனாட்சி அக்கா. மத்தியானத்துக்குப் பிறகு வந்த ஹெலன், அவதான் எங்கள் மிட்வைஃப்; வீடு தேடி வரும் மருத்துவிச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு அங்கால் ரொன் என்கிற வெள்ளைக்காரர், அவருடைய நாய். இவ்வளவு பேர்தான். பிள்ளை பிறந்த வீட்டில் ஊரிலே எத்தனை பெண்கள் நிற்பார்கள் என்பது வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். இங்கே அடுப்படியில் நின்றது நான்.

கடல் கடந்து வந்த இந்த ஊரில் எனக்கு முதலில் பழக்கமானது ஆள் இல்லை, ஒரு செடி. அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலைக்கு நான் எல்லர்ஸ்லிக்குப் போக வேண்டும். மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் ரெயினுக்கு நின்றபோது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் முட்பற்றைக்குள்ளே விரித்த கைபோல ஒரு இலை ஆடியது. ஆமணக்கு. நான் ரெயினை விட்டுவிட்டேன். அந்தக் குளிரிலே, யாரும் நட்டதாகத் தெரியாத இடத்தில், தன்பாட்டில் நின்றது. ஒரு கிழமை, ஏழு நாளும், யோசித்தேன். பிடுங்கினால் களவா, பிடிபட்டால் விசாவுக்கு ஏதும் வருமா, ரெயில்வேக்காரர் வழக்குப் போடுவார்களா என்று. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சித்தப்பாவின் கடையில் நின்றவன். சட்டம் படித்தவர்களுக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியும். எனக்கு எல்லாவற்றுக்கும் பயப்படத்தான் தெரியும். கடைசியில் ஒரு ஞாயிறு, வேலிக் கம்பிக்கு வெளியே முளைத்திருந்த சின்னக் கன்று ஒன்றை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் மண்ணோடு வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் எதிர்ப்பட்ட எல்லாருக்கும் 'குட் மோர்னிங்' சொன்னேன். அப்போது பின்னேரம் நாலு மணி.

வீட்டின் தெற்குச் சுவரோரம் நட்டேன். மாசக்கணக்கில் அது ஒரு இலையும் விடவில்லை. சாந்தினிதான் ஒரு நாள் உடுப்புக் காயப்போடும்போது, "இஞ்சருங்கோ, இந்த நாட்டில சூரியன் வடக்கால எல்லோ போகுது. நீங்கள் நிழலுக்குள்ள கொண்டுபோய் நட்டிருக்கிறியள்" என்றா. அவ ஊரில் ஏ.எல்., அதாவது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை படித்தவ. நான் வானத்தைப் பார்த்தேன். உண்மைதான். இங்கு வந்து ஒன்றரை வருசமாகச் சூரியன் எந்தப் பக்கம் போகிறதென்றுகூட நான் நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை. வடக்குப் பக்கம் மாற்றி நட்ட பிறகு அது என்னைவிட வேகமாக இந்த நாட்டுக்குப் பழகிக்கொண்டது. மாரிக் குளிரில் இலை விளிம்பு கருகியது, ஆனால் சாகவில்லை. அடுத்த கோடைக்கு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

எட்டிப் பார்த்த இடத்தில்தான் ரொன் நின்றார். இலையைக் காட்டி, "அது நஞ்சு" என்றார். நான் சிரித்துக்கொண்டு, "யெஸ், மெடிசின்" என்றேன். "இல்லை, நஞ்சு" என்றார். "யெஸ், யெஸ். வெரி குட் மெடிசின்" என்றேன். இரண்டு பேரும் ஒரே செடியைத்தான் சொன்னோம், இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் ரொன் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. அடுத்த நாள் நூலகப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து படத்தைக் காட்டினார். சாந்தினி வாசித்துச் சொன்னா: கொட்டை கடுமையான நஞ்சு, பிள்ளைகளும் நாயும் தின்னக்கூடாது, பிறப்பிடம் வெப்பமான ஆபிரிக்கா.

கொட்டையைப் பற்றி எனக்குத் தெரியும். ஆபிரிக்காதான் எனக்குப் புதிது. எங்கட செடி என்றல்லவா நான் அதைக் களவாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். இரவில் படுக்கும்போது அதைச் சொன்னேன். "அது எப்பவோ கப்பலேறி வந்து எங்கட வேலியில நிண்டிருக்குது. ஒருத்தரும் அதிட்ட பாஸ்போட் கேக்கேல்லை, நாங்களும் எங்கடை எண்டிட்டம்" என்று சிரித்தா சாந்தினி. அதைக் கேட்டு எனக்கு மனம் கொஞ்சம் லேசானது. அன்று தொட்டு, பூங்குலை தலைகாட்டினால் உடனே நறுக்கிக் கட்டிக் குப்பையில் போட்டுவிடுவேன். ஒரு காய்கூட முற்ற விட்டதில்லை. நறுக்குவதை ரொன் காணும்படிதான் நறுக்குவேன். ஆனாலும் அவர் தன் நாயை அந்தப் பக்கம் விடவில்லை.

சாந்தினி பிள்ளையைப் பெற்று வீட்டுக்கு வந்த பிறகு பால் கட்டிக்கொண்டது. இதை எழுதலாமா என்று அவவிடம் கேட்டேன். "ஆம்பிளையள் வாசிக்கட்டும், தெரிஞ்சுகொள்ளட்டும்" என்றா, எழுதுகிறேன். நெஞ்சு இரண்டும் கல்லாக இறுகி, தொட விடாமல் கொதித்தது. பிள்ளையால் வாய் வைத்துப் பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடியாமல் அது அழுதது, அது அழ இவ அழுதா. விடிந்தபோது பிள்ளையின் தொண்டை அடைத்துப் போயிருந்தது. போத்தல்பால் வாங்கிவரட்டோ என்று கேட்டேன். "இண்டைக்கு ஒரு நாள் பாப்பம். போத்தல் பழகினா பிறகு என்னட்ட வராது" என்றா. ஹெலனுக்கு போன் எடுத்தேன். அவ வேகமாகக் கதைக்கிறவ. அதிலே கபேஜ், ஃப்ரிட்ஜ், பால் கொடுத்த பிறகு என்ற மூன்றும் எனக்குப் பிடிபட்டன. மத்தியானத்துக்குப் பிறகு வருவதாகவும் சொன்னா. நான் எல்லாவற்றுக்கும் யெஸ் சொன்னேன்.

கபேஜ் என்றால் கோவா. தமிழ்நாட்டார் முட்டைக்கோஸ் என்பார்கள். கடைக்கு ஓடிப்போய் இருப்பதிலே பெரியதை வாங்கி, பாதியைச் சீவி, மிளகாய்த்தூள் போடாமல் மஞ்சளும் உள்ளிப்பூண்டும் சேர்த்து வறை, அதாவது பொரியல், செய்தேன். மிச்சப் பாதியை, ஹெலன் சொன்னபடியே, ஃப்ரிட்ஜில் வைத்தேன். தட்டைக் கொண்டுபோய்க் கட்டிலருகே வைத்ததும் சாந்தினி அந்த நோவிலும் எழும்பி இருந்துவிட்டா.

"பிள்ளை பெத்தவளுக்குக் கோவாவோ? அஞ்சு நாளான பச்சைப் பிள்ளைக்கு வயித்தில வாய்வு பிடிக்கிறதுக்கோ? ஆர் சொன்னது?"

"மிட்வைஃப்."

"அவவைச் சாப்பிடச் சொல்லுங்கோ. எனக்கு ஆமணக்கிலை வாட்டிக்கொண்டு வாங்கோ."

அவ கேட்ட வேலையை நான் அதற்கு முன் பாதிதான் செய்திருந்தேன். ஊரில் என் சொந்த அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது எனக்குப் பதினாலு வயது. ஆமணக்கிலை முறித்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்புவார்கள். கொண்டுவந்தால் வாசலில் ஒரு கை நீளும், இலையை வாங்கும், கதவு மூடும். கதவுக்கு அந்தப் பக்கம் அந்த இலைக்கு எண்ணெய் பூசினார்களா, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று நான் பார்த்ததே இல்லை. ஆம்பிளைப் பிள்ளைக்கு ஏன் அது என்று ஒருவரும் சொல்லவுமில்லை. இப்போது முறிப்பவனும் நான், வாட்டுபவனும் நான்.

வீட்டைச் சுற்றின வளவில் இலை முறிக்கும்போது ரொன் வேலியோரம் வந்தார். "அதை மனைவிக்குச் சாப்பிடக் கொடுக்கப் போகிறாயா?" என்று கேட்டார்.

"நோ, நோ. அவுட்சைட். ஒன்லி அவுட்சைட்." உடம்புக்கு வெளியே என்று சொல்ல நினைத்தேன். அவர் வளவைச் சுற்றிப் பார்த்தார். பிறகு விறுவிறென்று தன் வீட்டுக்குள்ளே போனார். அந்தப் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுப்படிக்கு வந்தால் மீனாட்சி அக்கா பூண்டுக் குழம்போடு நிற்கிறார். "என்னங்க தம்பி, மொகமெல்லாம் வெளிறிக் கெடக்குது" என்றவர் கையிலிருந்த இலையைப் பார்த்தார். "கொட்டமுத்து எலைங்களா? ஏனுங்க, எங்க ஊருப் பக்கம் இது பால் ஊறலைன்னாக் கட்டறதுங்க. இப்பவே தேங்கி நிக்குது, இதையும் கட்டினீங்கன்னா இன்னும் ஊறுமுங்க. மல்லிகைப்பூ கெடைச்சா வெச்சுக் கட்டலாம்."

"மல்லிகைப்பூ கட்டினாப் பால் வத்திப் போயிரும் அக்கா" என்று அறைக்குள்ளிருந்து சாந்தினி குரல் கொடுத்தா. "எங்கட பக்கம் ஊறாட்டிலும் இதுதான், கட்டிக்கொண்டாலும் இதுதான்."

"ஆமா, ரெண்டுக்கும் ஒரே மருந்துன்னா ஒண்ணுக்குமே ஆகாதுன்னு அர்த்தமாக்கும்" என்றார் அக்கா, என்னைப் பார்த்து மெதுவாக. நான் இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒருவர் நஞ்சு என்கிறார், ஒருவர் பால் ஊறும் என்கிறார், ஒருத்தி கொண்டுவா என்கிறா. பிள்ளையோ அடைத்த தொண்டையோடு கத்துகிறது. அடுப்பை மூட்டினேன். நல்லெண்ணெய் தொட்டுப் பூசி, நெருப்புக்கு மேலே பிடித்தேன். முதல் இலை கருகியது. இரண்டாவது வாடி, கைக்குட்டை மாதிரித் துவண்டது. என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் நின்றது.

ஜன்னலால் பார்த்தேன். ஹெலன் இறங்க, ரொன் தன் கேற்றைத் திறந்துகொண்டு ஓடிவருகிறார். எங்கள் வீட்டைக் காட்டி ஏதோ சொல்கிறார். ஹெலனின் முகம் மாறுகிறது. இந்த நாட்டில் பிள்ளையைச் சரியாகப் பார்க்காவிட்டால் அரசாங்கம் கொண்டுபோய்விடும் என்று எங்கள் ஆட்கள் கூடுகிற இடமெல்லாம் கதை. நான் இலையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். சுட்டது.

"இலை எங்கே?" என்றுதான் ஹெலன் உள்ளே வந்தா. நான் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது. அவ வாங்கி, திருப்பிப் பார்த்து, மூக்கருகே வைத்து மணந்தும் பார்த்தா. கொட்டை ஏதும் பாவித்தீர்களா என்று கேட்டா. இல்லை. சாப்பிட்டாவா? இல்லை. சாந்தினியே கட்டிலிலிருந்து இங்கிலீசில் முழுவதையும் விளங்கப்படுத்தினா, என்னைப்போல யெஸ் சொல்லி அல்ல. ஹெலன் காய்ச்சல் பார்த்தா, காய்ச்சல் இல்லை. பிறகு இலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னா: "இந்த இலையைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியாததைக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் விடமாட்டேன். வெளியில் வைத்தால், பால் கொடுக்கிறதுக்கு முன்னால் நன்றாகக் கழுவ வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, தோல் சிவந்தாலோ உடனே எனக்கு போன் அடிக்க வேண்டும். சரி, கபேஜ் எங்கே?"

அதுவாவது சரியாகச் செய்திருக்கிறேன் என்ற நிம்மதியில் வறைத் தட்டை நீட்டினேன். ஹெலன் தட்டைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினா. ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்ட கோவா இலையை அப்படியே நெஞ்சில் வைக்கச் சொன்னாவாம். இங்கே எல்லாத் தாய்மாருக்கும் அதுதானாம்.

மீனாட்சி அக்காவுக்குச் சொன்னதும், "முட்டைக்கோஸையா? பொரியல் பண்றதையா?" என்று வாயில் கை வைத்தார். "அதென்ன செய்யுமாம்?"

நான் அதையே எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். "தெரியாது" என்றா ஹெலன். "குளிர்ச்சிதானோ என்னவோ. என்னோடு வேலை செய்கிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்." என் உள்ளே இருந்த ஏதோ ஒரு முடிச்சு அந்த இடத்தில் அவிழ்ந்தது. இந்த நாட்டிலும் ஏன் என்று தெரியாமல் இலை கட்டுகிறார்கள்.

சாந்தினிதான் முடிவு சொன்னா. "ஒரு பக்கம் அது, மற்றப் பக்கம் இது. எது சுகமெண்டு பிறகு சொல்லுறன். இப்ப எல்லாரும் வெளியால போங்கோ, ஹெலன் மட்டும் நிக்கட்டும்."

வெளியே வந்து அடுப்படியில் நின்றோம். மீனாட்சி அக்கா வறையை ருசி பார்த்து, தேங்காய் போதாது என்றார். அறைக்குள் தண்ணீர்ச் சத்தம், ஹெலன் எப்படி மெல்லத் தடவி இளக்குவதென்று சொல்லிக்கொடுக்கும் சத்தம், பிள்ளையின் அழுகை. அழுகை ஏறியது, விட்டது, திரும்ப ஏறியது. பிறகு நின்றது. நின்றதைக் கேட்டு எனக்குப் பயம் வந்தது. கதவைத் தட்டி, "என்னப்பா, பிள்ளை சத்தமில்லை?" என்றேன்.

"வாய் நிறையப் பால், எப்பிடிச் சத்தம் போடும்?" என்றா சாந்தினி.

ஹெலன் போகும்போது வறையில் கொஞ்சம் டப்பாவில் வாங்கிக்கொண்டு போனா. ரொன் வேலியோரமே நின்றார். அவ ஏதோ சொல்ல, அவர் தலையாட்டினார். அடுத்த காலை எங்கள் வாசற்படியில் வெளி இலை கழற்றாத ஒரு கோவா இருந்தது. அவர் தோட்டத்துக் கோவா. ஆமணக்கைப் பற்றி அதற்குப் பிறகும் அவர் நல்ல வார்த்தை சொன்னதில்லை.

எந்த இலை சுகம் என்று கேட்டபோதெல்லாம் சாந்தினி, "ஒண்டை நிப்பாட்டிப் பாத்தாலெல்லோ தெரியும், நிப்பாட்டப் பயமாக் கிடக்குது" என்றா. பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஆகையால் இரண்டும் நடந்தது. அந்தக் கிழமை முழுவதும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அடுப்படிக்கும் அறைக்கும் நடுவிலே நடந்தேன். வலது கையில் நெருப்பில் வாட்டிய ஆமணக்கிலை, இடது கையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கோவா இலை. ஒரு கை சுடும், ஒரு கை விறைக்கும். அறை வாசலில் போய் நின்றதும் எது எந்தப் பக்கம் என்று எனக்கு மறந்துவிடும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சாந்தினி தலை நிமிராமலே சொல்லுவா: "இஞ்சாலை சூடு, அங்காலை குளிர். கெதியா வாங்கோ, ரெண்டும் ஆறப்போகுது."