வேகன் கதவில் ஒரு முக்கோணம்

தங்கைக்கு வந்த முதல் கடிதத்தை, கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டிப் பிரித்தேன். பசை இளகி உறை திறந்துகொண்டது. படித்தேன், அப்பாவிடம் சொன்னேன், அடுப்பில் போட்டேன். பிறகு வந்த ஆறு கடிதங்களும் அதே வழியில் போயின. அப்பா சொல்லித்தான் செய்தேன் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். அது பொய். முதல் கடிதத்துக்கு மட்டுமே அவர் சொன்னார்.

எழுதியவன் கிள்ளான் துறைமுகத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்தவன். கத்தோலிக்கன், எங்கள் சாதியும் இல்லை. தங்கைக்கோ, மனைவியை இழந்த சிரம்பான்காரர் ஒருவரைப் பேசி முடித்திருந்தோம்.

"மாப்பிள்ளைக்குப் பல்லு எத்தனை மிச்சமிருக்குன்னு எண்ணிட்டு வந்தியா அண்ணே?" என்று கேட்டாள். அறைந்தேன். அதன்பின் கடிதங்களும் நின்றன. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டில் கிளார்க். துறைமுகத்திலிருந்து வரும் வேகன்களின் கதவுகளில் போகுமிடம், எடை, பழுது என்று ஆளாளுக்குச் சாக்குக்கட்டியால் குறி போட்டிருப்பார்கள். மழையில் மங்கிய குறியைத் திரும்பத் தெளிவாக எழுதிய பிறகே வேகனை நகரவிடுவேன். அதில் நான் மிகவும் கறார். சரக்கிறக்கிய வேகன்கள் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்புறம் வந்து நிற்கும். அங்கேதான் தங்கை துணி காயப்போடுவாள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் காலை ரயிலேறிப் போய்விட்டாள். நான் கிள்ளான் போய்ச் சேர்வதற்குள், அவன் அக்கா வீட்டில் மாலை மாற்றி முடித்திருந்தார்கள். தூது போனது யார் என்று அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் மிரட்டினேன். பதினோரு ஆண்டுகள் தங்கையோடு பேசவில்லை. அம்மா காலமான பிறகுதான் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். கடிதங்களை எரித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். உள்ளே உட்காரவைத்துத் தோசை பரிமாறினாள்.

"கடுதாசி எங்க போகுதுன்னு அப்பவே தெரியும் அண்ணே. அதான் காய் வாங்கப் போன பாசார்ல ஒரே ஒரு தடவை பாத்து ரெண்டு அடையாளம் பேசி வச்சிக்கிட்டோம். வேகன் கதவுல இவரு வட்டம் போட்டா நான் பொறுத்திருக்கணும். முக்கோணம்னா மறுநாள் காலை ரயில். நீ பாத்தாலும் என்ன புரியும்?"

"அன்னிக்குப் பேய்மழை மச்சான்," என்றார் அவள் கணவர். "முக்கோணம் அழிஞ்சிருக்கும், இவ வரமாட்டான்னே நெனச்சேன்."

"எங்க அழிஞ்சுது? பளிச்சுனு இருந்துச்சு," என்றாள் தங்கை. "அடிக்கோல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா. கீழ யார்டு கிளார்க் இனிஷியல் வேற!"

பழுதுக் குறி என்று நினைத்து நான்தான் எழுதியிருக்கிறேன். அவளை அறைந்த கை அவளுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதையும் தெரியாமல்தான் செய்தது. அவள் என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

"சாப்பிடு அண்ணே. எங்கண்ணன் கையெழுத்துப் போட்டு நடந்த கல்யாணம்னுதான் கிள்ளான் பூரா சொல்லிவச்சிருக்கேன்."