வாழைத்தார் வண்டி

வீட்டு நாற்காலிகளுக்கெல்லாம் கால் ஆடிப்போன அந்த அரைப்பரீட்சை விடுமுறையைப் போல் இன்னொன்று எனக்கு வாய்க்கவேயில்லை. நான் அப்போது நான்காம் வகுப்பு. சிறுமலையிலிருந்து என் அத்தை மகளைக் கொண்டுவந்து திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் விட்டிருந்தார்கள். என்னைவிடச் சின்னவள். வாழைத்தார் ஏற்றிய மாமாவின் லோடு வண்டி மலைப்பாதையில் இறங்கும்போது ஒரு வளைவில் கவிழ்ந்துவிட்டது. முன் சீட்டில் தன் அப்பாவோடு இருந்த அவளுக்குச் சிராய்ப்புகூட இல்லை. மாமாவுக்கு இடுப்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அத்தை துணைக்கு இருந்தார்.

மகளைக் கண்ணில் காட்டுங்கள் என்று மாமா ஒவ்வொரு போனிலும் கேட்டாராம். இவளோ வண்டிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுவாள். டவுன் பஸ்ஸில் ஏற்றப் பார்த்த என் அப்பாவின் கையில் பல் பதிந்ததுதான் மிச்சம். பேச்சும் நின்றுபோயிற்று. பயந்த கோளாறு என்று அம்மா பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதி ஊதவைத்துக் கூட்டிவந்தார். கூடவே வீட்டில் ஒரு சட்டமும் போட்டார்: பிள்ளை முன்னால் விபத்தைப் பற்றியோ மாமாவைப் பற்றியோ யாரும் மூச்சுவிடக் கூடாது. அவள் உள்ளே வந்தால் போனைப் பட்டென்று அணைப்பார்கள். மலைவாழைப்பழம்கூட வாங்குவதில்லை. திண்டுக்கல்லில் குடியிருந்துகொண்டு சிறுமலைப் பழம் இல்லாத வீடு எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

பெரியவர்கள் இப்படிப் பூனை நடை நடந்துகொண்டிருக்க, எனக்குக் கொண்டாட்டம். அவள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தாள். அடடா, என்ன விளையாட்டு அது. முன்னால் இரண்டு நாற்காலி, பின்னால் ஒரு பெஞ்சு, அதன்மேல் வீட்டிலிருந்த தலையணை பூராவும் வாழைத்தார். சில்வர் தட்டைத் திருப்பித் திருப்பி அவள் ஓட்டுவாள். பக்கத்துச் சீட்டில் நான் தொண்டை கிழிய ஹாரன் அடிப்பேன். மலை இறங்குகிறோம், ஒரு வளைவு, இன்னொரு வளைவு. அடுத்து வரப்போவது தெரியுமாதலால் நான் நாற்காலி விளிம்புக்கே வந்துவிடுவேன். நாளெல்லாம் வாய் திறக்காதவள் அந்த இடத்தில் மட்டும் கத்துவாள்: "கெட்டியாப் புடிச்சுக்க பாப்பா." அவ்வளவுதான். நாற்காலி, தட்டு, தலையணை, நாங்கள் எல்லாம் தரையில். நான் உருண்டு உருண்டு சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள். எழுந்து மறுபடி தலையணைகளை அடுக்குவாள். அலுப்பே கிடையாது. இப்படி ஒரு கூட்டாளி யாருக்குக் கிடைப்பாள் என்று நான் பூரித்துப்போயிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் அம்மா பார்த்துவிட்டார். "ஏண்டி, வெளக்கு வைக்கிற நேரத்துல வண்டியக் கவுத்தா வெளாடுறீக" என்று விளக்குமாற்றை எடுத்தார். பூட்டுக் கடையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்த சித்தப்பா குறுக்கே வந்தார். "செத்த நேரம் இருங்க மதினி." தலையணைகளை நகர்த்திவிட்டு பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார். "நானும் வாரேன். எடு தாயி வண்டிய."

எங்களோடு அவரும் விழுந்தார். விழுந்தவர் எழவில்லை. படுத்தபடியே அவளைக் கேட்டார்: "அப்புறம் என்னாச்சு தாயி?"

அத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாருமே கேட்டிருக்கவில்லை. அவள் தட்டைப் பிடித்தபடி நின்றாள். "எந்திரிங்கப்பான்னேன். எந்திரிக்கல. விட்டுட்டு ரோட்டுக்கு ஓடிட்டேன்." தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அதான் அப்பா செத்துப்போயிட்டாரு" என்றாள்.

அம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

சித்தப்பா மட்டும் பதறவில்லை. "சாகல தாயி. நீ ஓடிப்போயி பால் வண்டிய மறிச்சதுனாலதான் ஆளுக வந்து அவரத் தூக்குனாக. உசுரோட இருக்காரு" என்றார். அவள் நம்பவில்லை. உடனே மாமாவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். "பாப்பா, சாப்டியா" என்று மாமாவின் குரல் வந்தது. அப்புறம் அழுதாள் பாருங்கள், தெருவே கூடிவிட்டது. அழாதே என்று சொல்ல வந்த எல்லாரையும் சித்தப்பா கையமர்த்தினார். அழுது ஓய்ந்து அவர் மடியிலேயே தூங்கிப்போனாள்.

மறுநாளே பஸ் ஏறிவிடவில்லை. முதலில் சித்தப்பாவும் அவளும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய் பஸ்களை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். அப்புறம் நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறி இறங்கினார்கள். பிறகொரு காலையில், சித்தப்பாவின் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு மதுரைக்கே போய்விட்டாள். அப்பாவின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்கவே மாட்டேனென்றாளாம். சேதி வந்ததும் அம்மா கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தார்.

எனக்குத்தான் வயிற்றெரிச்சல். திரும்பி வந்தவளுக்காக நாற்காலிகளைப் போட்டு, தலையணைகளை அடுக்கி, தட்டை நீட்டினேன். "வேணாம். கண்ணாமூச்சி வெளாடுவமா" என்றாள். கெஞ்சினேன். கிள்ளிக்கூடப் பார்த்தேன். மசியவில்லை. அந்த விடுமுறை முடியும்வரை நான் சித்தப்பாவோடு பேசவேயில்லை. உலகத்திலேயே நல்ல விளையாட்டை ஒற்றைக் கேள்வி கேட்டுக் கெடுத்த மனிதரோடு என்ன பேச்சு.